குழலின் வாலில் ஒரு தூசி

1964-ல் அமெரிக்காவின் ரூகர் நிறுவனம் 10/22 என்ற சின்ன ரைஃபிள் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் விசேஷம் ஒன்றுமில்லை. மரக்கட்டை, 47 சென்டிமீட்டர் குழல், பத்துத் தோட்டா கொள்ளும் சுழல் மேகசின். கட்டையைக் கழற்றி உள்ளே பார்த்தவர்களுக்குத்தான் ஆச்சரியம். குழலின் பின்முனையில் மரையே இல்லை. வழுவழுவென்று உருண்டையாக இருந்த அந்த வாலை அலுமினிய உடலின் துளைக்குள் செருகி, அடியில் ஆப்பு மாதிரி ஒரு சிறு எஃகுத் துண்டை வைத்து, இரண்டு திருகுகளால் பின்னோக்கி இழுத்து நிறுத்தியிருந்தார்கள். அவ்வளவுதான். ஒரு ஆலன் கீ இருந்தால் பத்து நிமிடத்தில் குழல் தனியாகக் கையோடு வந்துவிடும்.

துப்பாக்கிப் பட்டறைகளின் பழைய வழக்கம் வேறு. குழலில் மரை வெட்டி, வைஸில் கடிக்கவைத்து, நீண்ட பிடியுள்ள ஸ்பேனரால் முறுக்கி உடலோடு ஒன்றாக்கிவிடுவார்கள். மலிவான சிறு துப்பாக்கிகளில் இறுக்கமாக அடித்துச் செருகிக் குறுக்கே ஒரு ஊசி பாய்ச்சுவார்கள். எப்படியானாலும் அது பிரிக்கக்கூடாத கல்யாணம். பிரிக்க வேண்டுமானால் பட்டறைக்குத்தான் போகவேண்டும். ரூகரின் ஏற்பாட்டில் வீட்டு மேஜைமேல் வைத்தே பிரிக்கலாம், வேறொன்றைச் சேர்க்கலாம். 10/22 பல பத்து லட்சம் விற்றது. அதற்கு மாற்றுக்குழல் செய்வதே தனித் தொழிலாக வளர்ந்தது.

இரண்டு திருகுகளை நம்பி ஒரு துப்பாக்கிக் குழலை விடலாமா? அப்படி விட்டால் என்ன கிடைக்கிறது, என்ன போகிறது? இந்த அத்தியாயம் அதைப் பற்றியது. துப்பாக்கியில் ஆர்வமில்லாதவர்களும் தாண்டிப் போய்விட வேண்டாம். கழற்றி மாட்டுகிற எந்தப் பொருளுக்கும், கேமரா லென்ஸ் முதல் லேத் சக் வரை, இதே தலைவலி உண்டு. துப்பாக்கியில் அது காகிதத்தில் ஓட்டையாகவே தெரிந்துவிடுகிறது என்பதுதான் வசதி.

முதலில் தோட்டாவைப் பார்ப்போம். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர்கள் 25 மீட்டர் தூரத்து அட்டையைக் குறிபார்த்து, தரையில் படுத்துச் சுட்டிருப்பார்கள். 'பாயின்ட் டூ டூ' என்று எல்லோரும் சொல்கிற அந்த .22 தோட்டாதான் நம் கதாநாயகன். முழுப்பெயர் .22 லாங் ரைஃபிள். 1887-ல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் உருவாக்கியது. வெடித்து முடிந்த வெற்றுத் தோட்டாவைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: பின்புற ஓரத்தில் ஒரு சிறு நசுங்கல். பெரிய ரைஃபிள் தோட்டாக்களில் பின்புறத்தின் நட்டநடுவே ஒரு குமிழ் இருக்கும், ஊசி அங்கே குத்தும். .22-ல் அந்தக் குமிழ் கிடையாது. பித்தளைத் தகட்டை மடித்து வெளியே நீட்டிய விளிம்புக்குள் தீமருந்தைப் பரப்பியிருப்பார்கள். ஊசி அந்த விளிம்பை நசுக்கினால் மருந்து பற்றிக்கொள்ளும். ரிம்ஃபயர் என்ற பெயர் அதனால்தான்.

ஊசி நசுக்க வேண்டுமென்றால் அந்த விளிம்பு மெல்லியதாக இருந்தாகவேண்டும். மெல்லியதாக இருந்தால் அதிக அழுத்தத்தைத் தாங்காது. ஆகவே .22-க்குள் எழும் அழுத்தத்துக்குத் தொழில்துறையே ஒரு வரம்பு கட்டியிருக்கிறது: சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு. லாரி டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தைப்போல் இருநூறு மடங்கு. பயங்கரமாகத் தோன்றும். ஆனால் .308 மாதிரி வேட்டை ரைஃபிளில் இது 62,000 வரை போகும், அதுவும் எவ்வளவோ அகன்ற தோட்டாவுக்குள். அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கினால் விசை. .22 தோட்டாவின் உட்புறம் ஐந்தே மில்லிமீட்டர் சொச்சம். பெருக்கிப் பார்த்தால் பின்பக்கம் தள்ளும் விசை உச்சத்தில் சுமார் 370 கிலோ எடைக்குச் சமம். ஒரு புல்லட் மோட்டார் சைக்கிளும் அதில் ஏறிய இரண்டு வாட்டசாட்டமான ஆட்களும் என்று வைத்துக்கொள்ளுங்கள் (பெயர்ப் பொருத்தம் தற்செயல்). .308-ல் அதுவே மூன்று டன்னைத் தாண்டும்.

தோட்டாவின் பின்புறம், அதைப் பின்னாலிருந்து அடைத்து நிற்கும் போல்ட்டைத் தள்ளுகிறது. போல்ட் உடலைத் தள்ளுகிறது. உடல் பின்னே நகரும்போது குழலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகவேண்டும். அந்த இழுவையைத் தாங்குவதுதான் நம் இணைப்பின் வேலை. 370 கிலோவில் ஒரு பங்கு, அதுவும் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம். நல்ல எஃகுத் திருகுகள் இரண்டுக்கு இது பெரிய பாரமே இல்லை. தோட்டா மெலிந்திருப்பதால் இணைப்பும் மெலிந்திருக்கலாம். கழற்றி மாட்டும் குழல் என்ற யோசனை ரிம்ஃபயர் உலகில் இவ்வளவு சுலபமாக வேர் பிடித்ததற்கு இந்தச் சலுகைதான் அடிப்படை. ஒழுங்காகச் செய்து, ஒழுங்காக முடுக்கினால் குழல் கழன்று பறந்துவிடாது. அந்தப் பயத்தை இங்கேயே இறக்கி வைத்துவிடலாம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

ஐம்பது மீட்டர் தூரத்தில் குண்டு ஒரு மில்லிமீட்டர் இடம் மாறவேண்டுமென்றால் குழல் எவ்வளவு சாயவேண்டும்? ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. உடலுக்குள் செருகியிருக்கும் குழலின் வால் 25 மில்லிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். அதன் ஒரு நுனி இன்னொரு நுனியைவிட அரை மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு உயர்ந்தால் போதும். தலைமுடியின் தடிமன் எழுபது மைக்ரான் அளவு. இப்போது வாலின் ஒரு பக்கத்தில் ஐந்து மைக்ரான் தூசி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால்? ஐம்பது மீட்டரில் பத்து மில்லிமீட்டர். சர்வதேச 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் பத்துப் புள்ளி தரும் நடுவட்டத்தின் விட்டம் மொத்தமே 10.4 மில்லிமீட்டர்தான். கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி நடுவட்டத்தையே தாண்டவைத்துவிடுகிறது.

கணக்கு கொஞ்சம் கடுமையானது, ஒப்புக்கொள்கிறேன். நிஜத்தில் உலோகம் கொஞ்சம் நசுங்கிக் கொடுக்கும், தூசியும் நசுங்கும், திருகின் இறுக்கம் குழலை ஒரு பக்கமாக அணைத்து நிறுத்தும். இருந்தாலும் இணைப்பில் இருக்கும் ஆட்டத்தை எந்த அளவுகோலால் அளக்கவேண்டும் என்பதை இது சொல்லிவிடுகிறது. கைக்கு 'டைட்டாக' இருக்கிறது என்பது இங்கே ஒரு தகவலே இல்லை.

வெப்பம் சேர்ந்தால் இன்னும் வேடிக்கை. 10/22-ன் உடல் அலுமினியம், குழல் எஃகு. அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இருமடங்கு விரியும். குழலின் வால் சுமார் 17 மில்லிமீட்டர் விட்டம். காலைக் குளிரிலிருந்து உச்சிவெயிலுக்குள் முப்பது டிகிரி ஏறினால், துளை குழலைவிட ஐந்தாறு மைக்ரான் கூடுதலாக அகலும். அதே தூசியின் அளவு. திருகுகள் தொடர்ந்து இழுத்துப் பிடித்திருப்பதால் குழல் உடனே ஆடிவிடாது என்பது உண்மை. ஆனால் இழுப்பது அடியிலிருந்து மட்டும். தொழிற்சாலைக் குழலை எடுத்துவிட்டுக் கனமான போட்டிக் குழலைப் போட்டவர்கள் பலர் கண்ட குறை இதுதான்: மூக்குப் பக்கம் மெல்லத் தொங்கிவிடுகிறது. மேல்நோக்கித் திருகித் திருகி, குறிபார்க்கும் பார்வைக்கண்ணாடியின் (ஸ்கோப்) எல்லையே தீர்ந்துபோகிறது. சிலர் கட்டைக்கும் குழலுக்கும் இடையே ஒரு முட்டு வைக்கிறார்கள். சிலர் வாலுக்குப் பசை தடவி ஒட்டிவிடுகிறார்கள். கழற்றுவதற்கென்றே செய்த குழலைப் பசை போட்டு ஒட்டுவது! கல்யாணத்தைப் பதிவு செய்யாமல் விட்டவர் கடைசியில் பதிவு அலுவலகத்துக்கே போவது மாதிரி.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஆறுதல் ஒளிந்திருக்கிறது. குழல் சரியாக நேராக உட்கார வேண்டும் என்ற கட்டாயமில்லை. கோணலாகவே உட்காரட்டும், ஒவ்வொரு தடவையும் அதே கோணலில் உட்கார்ந்தால் போதும். பார்வைக்கண்ணாடியை அந்தக் கோணலுக்குத் தகுந்தபடி ஒருமுறை திருத்திவிடலாம். நேர்த்தி என்பதும் திரும்பத்திரும்ப அதே இடம் என்பதும் வேறு வேறு குணங்கள். கழற்றி மாட்டும் பொருளுக்கு இரண்டாவதுதான் உயிர்.

அதே இடத்தில் திரும்ப உட்காரவைப்பதன் ரகசியம் நம் வீட்டுச் சாமான்களின் பெயரிலேயே இருக்கிறது. முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. நாற்காலி ஆடும், ஒரு காலுக்கு அடியில் மடித்த காகிதம் கேட்கும். தளம் ஒன்றை நிறுத்த மூன்று புள்ளிகள் போதும். நான்காவது வந்தால் எந்த மூன்று என்று பொருளே குழம்பிவிடுகிறது. உலக்கையைச் சுவர் மூலையில் சாய்த்துவைத்தால் எத்தனை முறை வைத்தாலும் அது இரண்டு சுவரையும் தொட்டுக்கொண்டு ஒரே கோட்டில் நிற்கும். அகலமான துளைக்குள் நிறுத்தினால் ஒவ்வொரு முறையும் ஒரு பக்கம் சாயும். நல்ல இணைப்பு உலக்கையை மூலைக்குத் தள்ளுகிற இணைப்பு. சுற்றிலும் சமமாகக் கவ்வ முயல்கிற இணைப்பு நாற்காலியின் சங்கடத்தில் மாட்டிக்கொள்ளும்.

செக் குடியரசின் உஹெர்ஸ்கி ப்ரோட் நகரில் இருக்கும் செஸ்கா ஸ்ப்ரோயோவ்கா நிறுவனம், சுருக்கமாக சி.இஸட்., 2010-ஐ ஒட்டி 455 என்ற ரைஃபிளைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு சுடலுக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளும் வகை. அதற்கு முன்பிருந்த 452-ல் குழல் நிரந்தரம். 455-ல் எஃகு உடலுக்குள் வழுவழுப்பான வாலைச் செருகி, இரண்டு சிறு திருகுகளால் ஒரு பக்கத்திலிருந்து நெருக்கி நிறுத்துகிறார்கள். உலக்கையும் மூலையும் இங்கே வேலை செய்கின்றன: திருகு எப்போதும் அதே பக்கம் தள்ளுவதால் குழல் எப்போதும் அதே சுவரில் சாய்கிறது. எஃகுக்குள் எஃகு என்பதால் வெயில் தொல்லையும் குறைவு. அதன் வாரிசான 457-ம் அதே முறைதான். என்னைக் கேட்டால், ஆலன் கீ அளவில் சாத்தியமான மாற்றுக்குழல்களில் சரியாக யோசித்துச் செய்தது இதுதான். முறுக்குவிசையை அளந்து காட்டும் ஸ்பேனரால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு முடுக்கவேண்டும், செருகும் முன் வாலையும் துளையையும் துடைக்கவேண்டும். துடைக்கும் துணி அந்தத் துப்பாக்கியின் ஒரு உறுப்பு என்றே சொல்லலாம்.

இதற்கெல்லாம் அரை நூற்றாண்டுக்கு முன்பே, கழற்றுவதன் விலை தெரிந்த ஒருவர் இருந்தார். ஜான் பிரவுனிங் வடிவமைத்து, பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலை 1914-ல் தயாரிக்கத் தொடங்கிய சிறு .22 தானியங்கி ரைஃபிள், கால் சுற்றுத் திருப்பினால் இரண்டாகப் பிரிந்துவிடும். பயணப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போவதற்காக. மரையில் இடையிடையே பற்களை வெட்டி எடுத்துவிட்டதால், முழுக்கத் திருகிக்கொண்டிருக்க வேண்டாம். நுழைத்து ஒரு திருப்பு, பூட்டிக்கொள்ளும். பிரவுனிங்குக்கு ஒன்று தெரிந்திருந்தது: நூறு முறை, ஆயிரம் முறை திருப்பினால் உலோகம் தேயும், ஆட்டம் கொடுக்கும். ஆகவே குழலின் அடியில் பற்கள் உள்ள ஒரு வளையத்தை வைத்தார். ஆட்டம் தெரிந்ததும் அந்த வளையத்தை ஒரு பல் நகர்த்திக்கொள்ளலாம்; இணைப்பு மறுபடி இறுகிவிடும். தேயாத பொருளைச் செய்கிறேன் என்று மார்தட்டாமல், தேய்மானத்துக்கு ஒரு கணக்கை முன்கூட்டியே எழுதிவைத்த வடிவமைப்பு. 2012-ல் ரூகர் தன் 10/22-ஐப் பாதியாகப் பிரியும் வகையில் வெளியிட்டபோது அதிலும் கையால் திருகிச் சரிசெய்யும் வளையம் ஒன்று இருந்தது. நல்ல யோசனைக்கு வயதாவதில்லை.

இன்னொரு முனையில் ஏ.ஆர்-7 இருக்கிறது. பின்னாளில் எம்-16 ஆன துப்பாக்கியை வடிவமைத்த யூஜின் ஸ்டோனரின் கைவேலை. ஆர்மலைட் நிறுவனம் 1959-ல் வெளியிட்டது. குழல், உடல், மேகசின் எல்லாம் கழன்று உள்ளே வெற்றிடமாக இருக்கும் கட்டைக்குள்ளேயே அடங்கிவிடும். தண்ணீரில் போட்டால் மிதக்கும். 1963-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் அவர் பெட்டியிலிருந்து எடுத்துச் சேர்ப்பது இதைத்தான். குழலைப் பிடித்திருப்பது கையால் முடுக்கும் ஒரே ஒரு நட்டு. ஐம்பது மீட்டரில் நடுவட்டம் என்ற பேச்சே இதற்குப் பொருந்தாது. விமானம் விழுந்து காட்டில் மாட்டிக்கொண்டவர் இருபதடி தள்ளி நிற்கும் முயலை அடிக்கவேண்டும். அதற்குக் கையால் முடுக்கிய நட்டு ஏராளம். நம்பகம் என்ற சொல்லை எதற்காக என்று சேர்க்காமல் பயன்படுத்தினால் அது ஒன்றையும் சொல்வதில்லை.

பார்வைக்கண்ணாடியை எங்கே மாட்டுவது என்ற கேள்வி பெரும்பாலும் விற்பனைத் தாளில் வராது. ஆனால் கழற்றி மாட்டும் ரைஃபிளின் பாதி விதி அதில்தான் எழுதப்பட்டிருக்கிறது. கண்ணாடி உடலில் இருந்து, குழல் மாறினால், குறி மாறும். புதுக் குழலோடு மறுபடி சுட்டுத் திருத்தவேண்டும். கண்ணாடியோ குறிமுனையோ குழலின் மேலேயே இருந்தால், குழலும் பார்வையும் ஒரே உடம்பு. இணைப்பில் எத்தனை ஆட்டம் இருந்தாலும் அவை இரண்டும் ஒன்றையொன்று விட்டு விலகா. 1967-ல் வாரன் சென்டர் வடிவமைத்து அமெரிக்காவின் தாம்சன்/சென்டர் நிறுவனம் விற்ற கன்டெண்டர் இந்த வழியில் போனது. நடுவில் மடிந்து திறக்கும் ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி. கீல் ஊசியை உருவினால் குழல் வந்துவிடும். ஒவ்வொரு குழலுக்கும் அதனதன் கண்ணாடி. சுத்தியலுக்கு எதிரே இரண்டு ஊசிகள், ஒன்று விளிம்புக்கு, ஒன்று நடுவுக்கு. எது குத்தவேண்டும் என்று மாற்றிக்கொள்ளலாம். ரிம்ஃபயர் குழலை எடுத்துவிட்டுப் பெரிய தோட்டாக் குழலைப் போட்டாலும் அதே உடல் ஏற்றுக்கொள்ளும். குறியைப் பொறுத்தவரை இதுதான் நேர்மையான தீர்வு. ஆனால் மூன்று குழல் என்றால் மூன்று கண்ணாடி வாங்கவேண்டும். அங்கே பணப்பை இளைத்துவிடுகிறது.

இதுவரை ஒரே அளவுத் தோட்டாவுக்குள்தான் பேசினோம். மாற்றுக்குழலை வாங்குபவர் மனதில் இருப்பது வேறு: காலையில் மலிவான .22-ல் பயிற்சி, மாலையில் வேகமான .17-ல் வேட்டை, துப்பாக்கி ஒன்றே. .22 லாங் ரைஃபிளின் ஈயக்குண்டு போட்டிவகையில் விநாடிக்கு 330 மீட்டருக்குள் போகும். 2002-ல் ஹார்னடி நிறுவனம் கொண்டுவந்த .17 எச்.எம்.ஆர். தோட்டா, 1959-ல் வந்த .22 மேக்னம் தோட்டாவின் கழுத்தை நெரித்துச் செய்தது. அதன் ஒரு கிராமுக்குச் சற்றே மேற்பட்ட குண்டு விநாடிக்கு 770 மீட்டருக்கு மேல் பறக்கும். நூறு மீட்டரில் .22 ஒரு சாணளவுக்கு விழும் இடத்தில் .17 ஏறக்குறைய நேர்க்கோடு. ஒரே உடலில் இரண்டும் என்ற ஆசை புரிந்துகொள்ளத் தக்கதே.

சி.இஸட். மாதிரி கையால் இயக்கும் ரைஃபிளில் இது நடக்கிறது. போல்ட் மாறுவதில்லை, குழலும் மேகசினும் மேகசின் கூட்டுக்குள் வைக்கும் ஒரு அடைப்பும்தான் மாறுகின்றன. ஆனால் .22 லாங் ரைஃபிளின் விளிம்பு ஒரு மில்லிமீட்டரும் கொஞ்சமும் தடிப்பு. மேக்னம் குடும்பத்தின் விளிம்பு அதைவிட ஒரு மில்லிமீட்டரில் பத்தில் இரண்டு பங்கு வரை கூடுதல். போல்ட் மாறாததால் இந்த வித்தியாசத்தைக் குழல்தான் ஏற்றுக்கொள்ளவேண்டும். இடைவெளி தேவைக்கு அதிகமானால் ஊசி அடிக்கும்போது விளிம்பு முன்னே நழுவிக்கொடுக்கும். பஞ்சு மெத்தையில் குத்திய மாதிரி அடி வீணாகி, தோட்டா வெடிக்காது. குறைந்தால் போல்ட் மூடாது. குழல் கடைசி வரை உள்ளே போய் முட்டாமல் தூசியோ மசியோ தடுத்தாலும் இதே கதிதான். வெற்றுத் தோட்டாவை இழுக்கும் கொக்கிக்காகக் குழலின் பின்முகத்தில் வெட்டியிருக்கும் பள்ளம் கொக்கிக்கு நேராக வரவேண்டும். குழல் ஓரிரு டிகிரி சுழன்று உட்கார்ந்தால் துப்பாக்கி சுடும், ஆனால் வெற்றுத் தோட்டா வெளியே வர அடம்பிடிக்கும். மாற்றுக்குழல் ரைஃபிளில் 'சரியாக வேலை செய்யவில்லை' என்று சொல்லப்படுவதில் நிறைய இப்படி உட்கார்ந்த விதத்தில் வருவது.

ரிம்ஃபயரில் வெடிக்காமல் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதில் குழலுக்குப் பங்கில்லை. தீமருந்தை ஈரமாக அடியில் விட்டு, தோட்டாவைச் சுழற்றித்தான் விளிம்புக்குள் பரப்புகிறார்கள். எங்காவது ஒரு இடத்தில் மருந்து போய்ச் சேராவிட்டால், ஊசி சரியாக அந்த இடத்திலேயே விழுந்தால், 'டிக்' என்ற சத்தத்தோடு சரி. அதே தோட்டாவைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் பலமுறை வெடித்துவிடும். நம் பெரியவர்கள் நமத்துப்போன தீப்பெட்டியில் குச்சியை வேறு பக்கம் உரசிப்பார்ப்பது போல. மொத்தமாக வாங்கும் மலிவு ரகத்தில் இது சகஜம். புதுக் குழல் போட்ட அன்று இது நடந்தால் பழி குழலின்மேல் விழும்.

தானியங்கிகளில் அளவு மாற்றும் ஆசை சிக்கலாகிவிடுகிறது. 10/22-ல் போல்ட்டைப் பூட்டி நிறுத்தும் பொறி கிடையாது. போல்ட்டின் எடையும் ஒரு ஸ்பிரிங்கும்தான் தாழ்ப்பாள். குண்டு குழலை விட்டு வெளியேறி அழுத்தம் தணியும்வரை போல்ட் மெல்லத்தான் நகரும் என்ற கணக்கு, .22 லாங் ரைஃபிளுக்குப் போட்டது. அதிக வேகத் தோட்டாவை வைத்தால் அந்தக் கணக்கு கலைந்து, அழுத்தம் இருக்கும்போதே போல்ட் திறக்கப்பார்க்கும். மெல்லிய பித்தளை அங்கே கிழியும். அதனால்தான் ரூகர் மேக்னம் தோட்டாவுக்கு எஃகு உடலும் கனத்த போல்ட்டும் கொண்ட தனி ரைஃபிள் செய்தது. குழலை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. ரெமிங்டன் .17 எச்.எம்.ஆரில் செய்த தானியங்கியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2015-ல் சாவேஜ் நிறுவனம் ஏ-17 ரைஃபிளில் போல்ட் திறப்பதைத் தாமதப்படுத்தும் பொறி ஒன்றைச் சேர்த்தபிறகுதான் அந்தத் தோட்டா தானியங்கியில் நிம்மதியாக வேலை செய்தது. ஆக, 10/22-ன் குழல் எளிதாகக் கழலும், ஆனால் அதனால் வேறொரு தோட்டாவின் வாசல் திறந்துவிடாது.

மனிதத் தவறு ஒன்றையும் சொல்லவேண்டும். .22 லாங் ரைஃபிள் தோட்டா மேக்னம் குழலுக்குள் தாராளமாக நுழையும்; சுற்றிலும் இடைவெளி இருப்பதால் வெடிக்கும்போது பித்தளை பிளந்து சூடான காற்று பின்பக்கம் பீய்ச்சும். .17 எச்.எம்.ஆர். தோட்டாவும் மேக்னம் குழலுக்குள் போய்விடும். இரண்டுக்கும் மேகசின்கூட ஒன்றே, ஆகவே மேகசின் எச்சரிக்காது. மேஜைமேல் மூன்று குழலும் மூன்று டப்பாத் தோட்டாவும் பரப்பியிருக்கும் வீட்டில் இந்தத் தவறுக்கு வாய்ப்பு, மூன்று தனித் துப்பாக்கி உள்ள வீட்டைவிட அதிகம் என்பது என் எண்ணம். வெளியே இருந்து பார்த்தால் துப்பாக்கி அதே துப்பாக்கிதானே.

சரி, செலவுக்கு ஏற்ற பலன் உண்டா? மாற்றுக்குழல், கூடுதல் மேகசின், முறுக்குவிசை ஸ்பேனர், ஒவ்வொரு மாற்றத்துக்கும் குறி திருத்தச் செலவாகும் பத்து இருபது தோட்டா என்று கூட்டிப்பார்த்தால், அமெரிக்கா மாதிரி நாட்டில் இரண்டாவதாக ஒரு எளிய ரைஃபிளே வாங்கிவிடலாம் என்ற நிலை வந்துவிடுகிறது. பெரும்பாலோர் ஒருமுறை மாற்றி ஆசை தீர்ந்து, பிறகு பிடித்த குழலோடே நின்றுவிடுவார்கள் என்பது என் கணிப்பு. அமெரிக்கச் சட்டத்தில் துப்பாக்கி என்றால் உடல்பெட்டிதான். குழல் வெறும் உதிரிப்பாகம், தபாலில் வரும். அங்கே மாற்றுக்குழல் தொழில் செழித்ததற்கு இதுவும் காரணம்.

கணக்கு தலைகீழாவது துப்பாக்கி எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு உள்ள நாடுகளில். ஜெர்மனியில் குழலும் பதிவு செய்யவேண்டிய முக்கிய உறுப்புதான். ஆனாலும் ஏற்கெனவே பதிவான துப்பாக்கிக்கு அதே அளவோ அதைவிடச் சிறியதோ ஆன மாற்றுக்குழல் வாங்குவது புதுத் துப்பாக்கி வாங்குவதைவிட எளிது. பாதுகாப்புப் பெட்டியிலும் இடம் மிச்சம். இந்தியாவில் 2019-ல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டு, ஒருவர் வைத்துக்கொள்ளும் துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டன. விளையாட்டு வீரர்களுக்குத் தனி விதி. இங்கேயும் ஆயுதத்தின் பாகங்கள் சட்டத்தின் பார்வைக்கு வெளியே இல்லை.

பழுது பார்க்கும் கோணத்தில்தான் மாற்றுக்குழல் எனக்குப் பிடித்திருக்கிறது. .22-ன் மென்மையான ஈயக்குண்டு குழலைச் சீக்கிரம் தேய்ப்பதில்லை. ஒரு குழல் பல பத்தாயிரம் சுடல் தாங்கும். ஆனால் துருவுக்கும், சுத்தம் செய்யும் கம்பியைக் கன்னாபின்னாவென்று குத்தும் கைகளுக்கும் அது தப்புவதில்லை. அப்போது முழுத் துப்பாக்கியையும் தூக்கிப்போடாமல் குழலை மட்டும் மாற்றலாம் என்பது உண்மையான சேமிப்பு.

குழல் மாறினால் தோட்டாவும் மாறவேண்டி வரும் என்பது புதிதாக வருபவர்களுக்குத் தெரியாத செலவு. நாதஸ்வரக்காரர் சீவாளியைப் பொறுக்குவது மாதிரி, ஒவ்வொரு .22 குழலும் தனக்குப் பிடித்த தோட்டாவைப் பொறுக்கும். ஒரே நிறுவனம், ஒரே பெயர், ஆனால் வேறு வேறு நாளில் செய்த இரண்டு தொகுதிகளில் ஒன்று பிடிக்கும், ஒன்று பிடிக்காது. ஒலிம்பிக் அளவில் ஆடுபவர்கள் இங்கிலாந்தின் ஈலி நிறுவனத்துக்கோ, ஜெர்மனியின் ஷோனபெக்கில் இருக்கும் லாபுவா சோதனைக்கூடத்துக்கோ துப்பாக்கியோடு போய், தொகுதி தொகுதியாகச் சுட்டுப் பார்த்து, ஒத்துப்போன தொகுதியை மொத்தமாக வாங்கி வருகிறார்கள். ஒரு தோட்டாவிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது, பழைய மெழுகுப் பூச்சு போய்ப் புதியது குழலில் படியும்வரை முதல் சில குண்டுகள் அலையும். குழலை மாற்றியவர் அந்த அலைச்சலைப் பார்த்துத் திருகை இன்னும் முடுக்குவார். அதிகம் முடுக்கியதால் குழல் வேறு மாதிரி சாயும். இப்போது இரண்டு பிழைகள், ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு.

மாற்றுக்குழலோடு நெடுநாள் வாழ்கிறவர்களின் பெட்டியைத் திறந்தால் மூடியின் உட்புறம் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். பார்வைக்கண்ணாடியின் குமிழைத் திருப்பினால் 'டிக் டிக்' என்று படிப்படியாக நகரும். வழக்கமான கண்ணாடியில் ஒரு டிக்குக்கு நூறு மீட்டரில் ஏழு மில்லிமீட்டர். காகிதத்தில் குழல் வாரியாகக் கணக்கு இருக்கும்: .17-க்கு மாறினால் கீழே இத்தனை டிக், இடப்பக்கம் இத்தனை. திருகின் முறுக்கு அளவு. தோட்டாத் தொகுதியின் எண். எல்லாவற்றுக்கும் மேலே, தடித்த எழுத்தில், அடிக்கோடிட்டு: துடை.